இறங்குவதற்கும் கால் வேண்டும்: மலையேற்றம் குறித்த வாசகர் கேள்வி – பதில்

முதன்முறையாகக் காட்டு மலை ஒன்றில் ஏறப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் ஒத்த கடிதங்களை ஒன்றாக்கி, எழுதியவரின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

எனக்கு வயது 41. பதினைந்து ஆண்டுகளாக நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் வேலை. சித்ரா பௌர்ணமி இரவில் வெள்ளியங்கிரி ஏற நண்பர்கள் அழைக்கிறார்கள். இதுவரை எந்த மலையிலும் ஏறியதில்லை. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போகலாமா?
– வாசகர், ஈரோடு

இந்த ஆண்டு வேண்டாம். அடுத்த ஆண்டு நீங்கள் நலமாக ஏறி, நலமாக இறங்கி, வீட்டுக்கு வந்து மகிழ்ச்சியோடு அதைச் சொல்ல வேண்டும் என்ற விருப்பத்தினால்தான் இப்படிச் சொல்கிறேன்.

பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலையில் இருக்கும் சுயம்பு லிங்கம் வரை ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். அந்த எண்ணைக் கேட்டு ஏமாறுகிறவர்கள் மிகப் பலர். அந்த ஆறு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தை ஏறிக் கடக்க வேண்டும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. உங்கள் பக்கத்துக் கணக்கிலேயே பார்ப்போம். சென்னிமலைக்கு 1320 படிகள். ஒரு படியின் உயரம் 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 210 மீட்டர் அளவுக்கு வருகிறது. அப்படியானால் வெள்ளியங்கிரி என்பது ஐந்து சென்னிமலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததற்குச் சமம். அதிலும் சீரான படிகள் எல்லா இடத்திலும் இல்லை. முதல் மலையிலேயே செங்குத்தான கற்படிகள் மூச்சை வாங்கிவிடும். ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு இறங்கிவிட்டு மறுபடியும் ஏழாவது மலையின் கடும் ஏற்றத்தில் ஏற வேண்டும். திரும்பி வரும்போது அந்த இறக்கம் உங்களுக்கு ஏற்றமாகி நிற்கும்.

பௌர்ணமி இரவு என்பது இன்னொரு சிக்கல். கூட்டம் நெருக்கும்போது உங்கள் நடையின் வேகத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது, முன்னாலும் பின்னாலும் வருகிறவர்களே தீர்மானிப்பார்கள். முதன்முறை ஏறுகிறவருக்கு மிகவும் தேவையானது தன் மூச்சுக்கு ஏற்ற நடை, அது அன்றைக்கு அங்கே கிடைக்காது. மேலும், ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. வியர்வையில் நனைந்த சட்டையோடு விடியற்காலையில் உச்சிக் காற்றில் நிற்கும்போது, அடிவாரத்தின் சித்திரை வெயிலை நினைத்துப் போர்வை எடுத்து வராதவர்கள் நடுங்கிப்போகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அநேகமாக ஒவ்வொரு பருவத்திலும் அந்த மலையில் மூச்சுத் திணறலாலும் நெஞ்சு வலியாலும் சிலர் உயிரிழந்த செய்தியைப் படிக்கிறோம். இதய நோய், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. தனக்கு அந்த நோய் இருப்பதே தெரியாமல் ஏறுகிறவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நாற்பது வயதைத் தாண்டியவர், நெடுங்காலம் உடல் உழைப்பு இல்லாதவர் என்ற முறையில், முதலில் மருத்துவரிடம் சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்து, இன்ன மலை ஏறப்போகிறேன் என்று சொல்லி அவருடைய கருத்தைக் கேளுங்கள்.

அவர் சரி என்றால், சென்னிமலைதான் உங்கள் பயிற்சிக்கூடம். வாரத்துக்கு ஒரு நாள் விடியற்காலையில் ஏறுங்கள். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்திலேயே ஏறுங்கள். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள். மலைச்சாலையில் பேருந்து இருக்கிறதே என்று இறங்குவதற்கு அதைப் பிடிக்காதீர்கள், இறங்குவதும் பயிற்சியில் பாதி. ஒரு மாதம் கழித்து ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். மூன்றாவது மாதத்தில் முதுகில் நான்கைந்து கிலோ எடையோடு அதையே செய்யுங்கள். பிறகு மழை ஓய்ந்த மாதங்களில், வனத்துறை அனுமதிக்கும் எளிய காட்டுத் தடம் ஒன்றில், 300 மீட்டருக்கு மிகாத ஏற்றம் உள்ளதாகப் பார்த்து ஒரு நாள் நடந்து வாருங்கள். பிப்ரவரியில் வெள்ளியங்கிரிப் பருவம் மீண்டும் தொடங்கும்போது, பௌர்ணமியும் விடுமுறையும் இல்லாத ஒரு வார நாளில், அடிவாரத்தில் ஒரு மூங்கில் கழியை வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். உங்களைத் தெரிந்தவர்களே வியக்கும்படி ஏறுவீர்கள்.

வீட்டருகே ஆறு கிலோமீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் நடந்துவிடுகிறேன். மலையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே கணிக்க வழி உண்டா?
– வாசகி, திருப்பூர்

உண்டு. ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றைக்கும் பயன்படுகிறது. ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம் என்று கூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறும் பாதை என்றால் 2 மணி 12 நிமிடம் வருகிறது. ஆனால் அது பழகிய காலுக்கும் குளிர்ந்த நாட்டுக்கும் சொன்ன கணக்கு. நம் வெப்பத்தில், வேர்கள் குறுக்கிடும் ஒற்றையடிப் பாதையில், முதன்முறை ஏறுகிறவர் அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம். அப்போது 3 மணி 18 நிமிடம். இறங்குவதற்கு அதில் முக்கால் பங்கு, உட்கார்வதற்கும் உண்பதற்கும் ஒரு மணி நேரம் என்று சேர்த்தால் ஏழு மணி நேரத்தை நெருங்கிவிடும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் பகல் ஒரு மணிக்குத் திரும்பலாம், பத்து மணிக்குப் புறப்பட்டால் மாலை ஐந்து. சோலைக்காட்டுக்குள் மர நிழல் கவிந்திருப்பதால் வெளியில் சூரியன் மறைவதற்கு முன்பே பாதை மங்கத் தொடங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிற்பகல்களில் மேகம் இறங்குவதும் வழக்கம். ஆகவே பத்து மணிப் புறப்பாடு தாமதமான புறப்பாடு.

இந்தக் கணக்கை எதற்காகப் போட வேண்டும் என்றால், திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்வதற்காக. பதினோரு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவோம் என்று குழுவில் எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். மேலே போன பிறகு அந்த முடிவை எடுக்க மனம் இடம் கொடுக்காது. என் முதல் மலையில் நாங்கள் ஐந்து பேர். உச்சி கண்ணுக்கு எதிரே இருக்கிறது, இன்னும் இருபது நிமிடம்தான் என்று மூன்று முறை சொல்லிக்கொண்டு ஏறினோம். இறங்கும்போது இருட்டிவிட்டது. ஐவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கைவிளக்கு. கடைசி இரண்டு கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒருவருக்குக் கணுக்கால் பிசகி, மற்றவர் தோளில் தொங்கியபடி வந்தார். அன்றிலிருந்து பகல் நேரப் பயணமாக இருந்தாலும் ஆளுக்கொரு விளக்கு இல்லாமல் நான் யாரையும் அழைத்துச் செல்வதில்லை. கைப்பேசி விளக்கை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, அழைப்பதற்கு மின்னேற்றம் மிஞ்ச வேண்டும்.

சதுரகிரி ஏறினேன். ஏறும்போது மூச்சு மட்டுமே வாங்கியது. இறங்கிய மறுநாளிலிருந்து மூன்று நாட்கள் வீட்டு மாடிப்படியில் இறங்க முடியவில்லை. வயது 52. மூட்டு தேய்ந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், மதுரை

வலி தொடையின் முன்பக்கத்தில் பரவலாக இருந்து, மூன்று நான்கு நாட்களில் தானாகவே குறைந்திருந்தால் அது பெரும்பாலும் தசை வலிதான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே போகும் நிலையில் உடல் எடையைத் தடுத்துப் பிடிக்கிறது. வண்டியில் பிரேக் பிடித்தபடியே மலை இறங்குவது போன்ற வேலை இது. பழக்கமில்லாத தசையின் இழைகளில் அதனால் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஒரு நாள் கழித்து வலி தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய்த் தணியும். ஏற்றம் இதயத்தையும் நுரையீரலையும் சோதிக்கிறது, இறக்கம் தொடையையும் மூட்டையும் சோதிக்கிறது. முன்னதற்கு மட்டும் தயாராகிப் போகிறவர்களே பின்னதில் விழுகிறார்கள். களைத்த தொடையால் எடையைப் பிடிக்க முடியாதபோது கால் நடுங்கும், கவனம் சிதறும், சறுக்கும். அதனால்தான் மேலே போய்ச் சேரும்போது உங்கள் பலத்தில் பாதிக்குக் குறையாமல் மிச்சம் இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

இறங்கும்போது அடியைச் சிறியதாக வையுங்கள், முழங்காலைச் சற்று மடக்கியே வைத்திருங்கள், இரண்டு கழிகள் இருந்தால் எடையின் ஒரு பகுதியைக் கைகளுக்குக் கொடுங்கள். இளைஞர்கள் ஓடி இறங்குவதைப் பார்த்து ஓடாதீர்கள். காலணியில் விரலுக்கு முன்னால் சிறிது இடைவெளி இருக்க வேண்டும், நகத்தை வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கம் முழுவதும் கட்டைவிரல் நகம் முட்டிக் கருத்துப்போகும். புதுக் காலணியை மலையில் முதன்முதலாக அணிவது கொப்புளத்தை விலைக்கு வாங்குவதாகும். மூட்டில் வீக்கமோ, மடக்கும்போது பூட்டிக்கொள்வதோ, குறிப்பிட்ட ஓர் இடத்தில் குத்தும் வலியோ இருந்தால் மட்டும் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

யானை எதிரே வந்தால் என்ன செய்வது?
– வாசகர், பொள்ளாச்சி. இன்னும் ஒன்பது பேர்

எதிரே வரும் நிலையை உண்டாக்காமல் இருப்பதே முதன்மையானது, ஏனென்றால் காட்டுப் பாதையில் யானையை ஓடி வெல்ல மனிதனால் முடியாது. பயிற்சி பெற்ற வழிகாட்டி முன்னால் நடக்க வேண்டும். பழங்குடி ஊர்களைச் சேர்ந்த வழிகாட்டிகளும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் நமக்குத் தெரியாதவற்றைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். சூடு ஆறாத யானைச் சாணம், சற்று முன் ஒடிக்கப்பட்ட மூங்கில், மரத்தில் உரசிய ஈரச் சேறு, கிளை முறியும் ஓசை, காற்றில் கலந்துவரும் வாடை ஆகிய ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு செய்தி. அவர் கையை உயர்த்தினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், காரணத்தைப் பிறகு கேட்கலாம்.

யானைக்குப் பார்வையைவிட மோப்பம் பல மடங்கு கூர்மை. காற்று நம் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் நாம் பார்ப்பதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும். நறுமணத் தைலங்களைத் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம். தொலைவில் யானை தெரிந்தால் படம் எடுக்க முன்னேறாமல், சத்தமின்றி, வந்த வழியே பின்வாங்கி, அது பாதையை விட்டு நீங்கும்வரை காத்திருக்க வேண்டும். குட்டியோடு இருக்கும் தாயும் ஒற்றை ஆணும் மிகுந்த எச்சரிக்கைக்கு உரியவை. கூச்சலிடுவது, கல்லெறிவது, விளக்கைப் பாய்ச்சுவது ஆகியவை அதைச் சினமூட்டும். விடியலிலும் அந்தியிலும் விலங்குகள் அதிகம் நடமாடுவதால் அந்த நேரங்களில் அடர்ந்த புதர்ப் பாதையில் இருக்க வேண்டாம். குழுவை விட்டு முன்னே ஓடுகிறவரும், பாட்டுப் பெட்டியை அலறவிட்டு நடக்கிறவரும் தங்களை மட்டுமல்லாமல் பின்னால் வரும் எல்லோரையும் ஆபத்தில் தள்ளுகிறார்கள். அவர்களோடு போகாதீர்கள் என்பதை நட்பைப் பொருட்படுத்தாமல் சொல்கிறேன்.

நண்பர் ஒருவர் அனுமதி தேவைப்படாத குறுக்கு வழி தெரியும் என்கிறார். காட்டைப் பார்க்க எதற்கு அனுமதி?
– வாசகர், சென்னை

காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது வனச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டத்தைக் காட்டி உங்களை அச்சுறுத்த நான் விரும்பவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். பலர் இளம் பெண்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்த மனிதக் காலும் ஈடுகொடுக்காது. பள்ளத்தாக்கு புகைபோக்கியைப் போல அனலை மேலே இழுக்கும்.

அந்த ஆண்டே தமிழ்நாட்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் தேர்ந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைப்படுத்தி, இணையவழிப் பதிவும் உள்ளூர் வழிகாட்டிகளும் கொண்ட திட்டத்தைத் தொடங்கியது. அனுமதி என்பது வெறும் சீட்டு அல்ல. இன்ன பாதையில் இத்தனை பேர் இன்று உள்ளே இருக்கிறார்கள் என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பதே அதன் பயன். மாலையில் கணக்குக் குறைந்தால் தேடிவர ஆள் இருக்கும். நண்பரின் குறுக்கு வழியில் கால் முறிந்தால், நீங்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. தீ அபாயம் மிகுந்த கோடை மாதங்களில் தடங்கள் மூடப்படும்போது வருந்தாமல் காத்திருங்கள்.

எவ்வளவு தண்ணீர், என்ன உணவு?
– வாசகி, சேலம்

ஆறேழு மணி நேர நடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டர். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் குடியுங்கள். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் தவறு. தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டி அளந்து கரைத்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கிடைத்துவிடும். எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். சர்க்கரை நோயாளிகள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். பொடி தடவிய இட்லி, புளிச்சோறு, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் இவற்றில் கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கு ஒருமுறை உண்ணுங்கள். ஓடை நீர் தெளிவாக இருந்தாலும் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். கொண்டுபோன உறை ஒவ்வொன்றும் உங்கள் பையிலேயே திரும்பி வர வேண்டும். உப்புச் சுவைக்காக மான் அதைத் தின்றால் வயிற்றில் அடைத்துக்கொண்டு சாகும்.

அட்டை கடித்தால் பிடுங்கிவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பிடுங்கவும் வேண்டாம், தீக்குச்சியால் சுடவும் வேண்டாம். அதன் மெலிந்த முனைதான் வாய். விரல் நகத்தைத் தோலை ஒட்டி அதனடியில் நகர்த்தினால் பிடி விட்டுவிடும், பிறகு தடித்த முனையையும் அப்படியே விடுவிக்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் காயம் நெடுநேரம் கசியும். பயப்படாமல் சோப்பால் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். கால்சட்டைக்கு மேல் முழங்கால்வரை இழுத்துக் கட்டும் நெருக்கமான துணி உறை இருந்தால் பெரும்பாலான அட்டைகள் தோலை எட்டாது.

மலைக்குப் போய் வந்து பத்து நாள் கழித்து என் மகனுக்குக் கடும் காய்ச்சல். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?
– வாசகி, வேலூர்

இருக்கக்கூடும். கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திராமல் இதற்குள் மருத்துவரைப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், மற்ற பெற்றோருக்காகவும் எழுதுகிறேன். புதர்களிலும் உயரமான புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சிக் குஞ்சுகள் கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வருகிறது. நம் பக்கம் இதை உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி தொடங்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற, வலியில்லாத கருத்த புண் சிலருக்கு இருக்கும். அது பெரும்பாலும் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவான இடங்களில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாமல் போய்விடும். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மருந்திலேயே குணமாகும், தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும். டெங்குவுக்கும் டைபாய்டுக்கும் சோதனை செய்து ஒன்றும் இல்லை என்று வந்தும் காய்ச்சல் நீடிப்பவர்களில் சிலருக்கு இதுவே காரணமாக இருக்கிறது.

புல்லில் நேரடியாக உட்காராமல் இருப்பது, முழுக்கை, முழுக்கால் உடை, வீடு திரும்பியதும் உடைகளைத் தனியாகத் துவைத்துச் சோப்பிட்டுக் குளிப்பது ஆகியவை பெருமளவு காக்கும். மலையிலிருந்து திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்தத் தேதியில் எந்தக் காட்டில் இருந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.